வேலிக்கு வெளியே கால் ஏக்கர்

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், வடிவம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சமைக்கிற குசினியைத் தாண்டிப் பத்தடி வைப்பதற்குள் முழங்காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தாள். நீல நைலோன் நூல். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதல்நாள் பின்னேரம் அது அங்கே இருக்கவில்லை.

காணிக்காரர் யோகநாதன் வேலி போடப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியாத கதையல்ல. கொங்கிறீற் தூண்கள் வந்து இறங்கி ஒரு கிழமையாகிவிட்டது. முட்கம்பிச் சுருள்கள் மாமரத்தடியில் கிடந்தன. மல்லாவியில் செய்வித்த இரட்டைக் கதவு இரும்புக் கேற் ஒன்று தூண் அடுக்கில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. கட்டாக்காலி மாடுகள் புகுந்து பயற்றங்கொடியை மேய்ந்துவிட்டுப் போவதற்கு இனி ஒரு முடிவு வரும் என்று நினைத்திருந்தாள். தூண் இறக்கிய ஆட்களுக்கு அவள்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வேலி என்றால் இரண்டு ஏக்கரையும் சுற்றித்தான் வரும், தன்னுடைய வீடும் அதற்குள்தான் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

நூலோடு நூலாக நடந்தாள். அது குசினியின் பின்பக்கத்தை ஒட்டி, முருங்கை மரத்தைச் சுற்றி, கத்தரிப் பாத்திகளுக்கு இந்தப் பக்கமாக ஓடி, வண்டில் பாதை மூலையில் போய் முடிந்தது. அங்கே அவளுடைய மகன் பிரதீபன் குந்தியிருந்து முளை அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த நூல் எதுக்கு?"

"வேலிக்கு அம்மா."

"கிணறு அங்கால போகுது."

அவன் முளையில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினான். அது ஏற்கெனவே நன்றாக இறங்கியிருந்தது.

"ஓம்," என்றான்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருந்த லயம் எரிந்து, தாய் தகப்பனோடு லொறியில் வந்து வன்னியில் இறங்கியபோது வடிவம்மாவுக்குப் பதினாறு வயது. துணுக்காய்ப் பக்கத்தில் வீரகத்தியர் என்ற யாழ்ப்பாணத்துக்காரருக்குக் குளத்தின் கீழே வயலும், மேட்டில் இரண்டு ஏக்கர் தோட்டக் காணியும் அரசாங்கம் கொடுத்திருந்தது. வயல் நல்ல வயல். மேட்டுக்காணி முழுக்கக் கல். மண்வெட்டி ஒரு சாண் இறங்காது. வீரகத்தியர் அதில் கை வைக்கவில்லை. வடிவம்மாவின் தகப்பனைக் கூப்பிட்டு, கல்லைக் கிளப்பித் துப்புரவாக்கிப் பயிர் செய்துகொண்டு அங்கேயே இருக்கும்படியும், ஒருவரும் அவர்களை எழுப்ப மாட்டார்கள் என்றும் சொன்னார். வாயால் சொன்னதுதான். கடிதம் தா, எழுத்துத் தா என்று கேட்கிற நிலையில் வடிவம்மாவின் தகப்பன் இருக்கவில்லை. எரிந்த லயத்திலிருந்து வந்தவருக்கு ஒரு மேடு கிடைத்ததே பெரிய காரியம்.

அன்றைக்குத் தொடங்கிய கல் கிளப்பல். தகப்பன் அலவாங்கு போட்டு நெம்புவார், தாயும் மகளும் அள்ளுவார்கள். தகப்பன் போன பிறகு வடிவம்மாவைக் கலியாணம் கட்டிய சங்கிலி என்பவன் நெம்பினான். தேங்காயளவு கல், பானையளவு கல், இரண்டு பேர் சேர்ந்து உருட்ட வேண்டிய கல். ஒவ்வொரு மாரியும் மண்ணைக் கரைத்துப் புதிய கற்களை வெளியே காட்டும். ஒவ்வொரு கோடையும் அவர்கள் அவற்றை எடுத்து வடக்கு எல்லையில் அடுக்குவார்கள். காலப்போக்கில் அது நெஞ்சளவு உயரத்தில், எழுபது காலடி நீளத்தில் ஒரு கட்டுப்போல எழுந்துவிட்டது. கல் போன இடத்தில் மண் வந்தது. முதலில் மரவள்ளி, பிறகு கத்தரி, மிளகாய், பயற்றை. ஊறுகாய்க்கென்று தேசிக் கன்றுகள் பன்னிரண்டு வைத்ததில் ஒன்பது மரமாயின. சங்கிலி இரண்டு கோடை வெட்டி, பாறை உடைத்து, ஒரு கிணறும் இறக்கினான்.

இரண்டாயிரத்தெட்டில் சண்டை நெருங்க, எல்லோரையும்போல அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். முகாமில் கிடந்து, இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரும் பாதிதான். கல்லடுக்கு மட்டும் அப்படியே நின்றது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் அதன் ஒரு முனையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்காமல் விட்டிருந்தார்கள். வடிவம்மா முதல் வேலையாக அதைத்தான் அடுக்கினாள்.

வீட்டுத்திட்டம் வந்தது. காணிக்கு எழுத்து இருக்கிறவர்களுக்கு வீடு என்றார்கள். வீரகத்தியர் அதற்குள் இறந்துபோய், காணி அவருடைய மகன் யோகநாதனின் பெயருக்கு மாறியிருந்தது. அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. பிரதீபன் அவரைத் தேடிப் போய், காணியில் இருக்கச் சம்மதம் என்று ஒரு கடிதம் கேட்டான். "பாப்பம்" என்றார். அடுத்த வருடமும் போனான். அப்போதும் "பாப்பம்" என்றார். வீட்டுத்திட்டம் முடிந்துவிட்டது. தற்காலிகக் கொட்டிலுக்கென்று கொடுத்த தகரமே அவர்களுக்கு நிரந்தரமாயிற்று. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் சங்கிலி சிறுநீரக வருத்தத்தில் ஒன்றரை வருடம் படுத்துக்கிடந்து செத்தான். பிரதீபனுக்கு இப்போது முப்பத்துநாலு. பெண் கேட்டுப் போன இரண்டு இடத்திலும் காணி யாருடைய பெயரில் என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அவன் போகவில்லை.

யோகநாதன் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு மனைவி விமலேஸ்வரியோடு வந்து சேர்ந்தது போன கார்த்திகையில். வண்டில் பாதைப் பக்கம் இரண்டு அறை போட்டு இருந்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு வருகிறபோது வடிவம்மாவின் தோளில் ஏறி மாங்காய் பறித்தவர் என்பதால் அவள் அவரைச் சின்னையா என்றே கூப்பிடுவாள். அவருடைய தகப்பன் அவளை வாடி போடி என்பார். மகன் வாங்கோ போங்கோ என்றார். அந்த மரியாதையில் அவள் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தாள்.

நூலைக் கண்ட அன்று அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு அவரிடம் போனாள். யோகநாதன் மாமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார். அவள் நின்றாள்.

அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. நில அளவைப் படத்தை மடியில் விரித்து ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். அவளை எழும்பச் சொல்லவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுடைய வீடு நிற்கிற பக்கம், பாறைத் திட்டோடு சேர்ந்த கால் ஏக்கரை வேலிக்கு வெளியே விட்டிருப்பதாகவும், அதற்கு ஒரு கடிதம் எழுதித் தரப்போவதாகவும் சொன்னார். பாவிக்கிற தண்ணீருக்கு இடைஞ்சல் வராது. கிணற்றுப் பக்கமாக ஒரு சின்னப் படலைக் கதவு வைக்கிறார், அவள் வந்து அள்ளிக்கொண்டு போகலாம்.

"தோட்டம்?" என்றாள் வடிவம்மா.

"எனக்கும் வேற வழியில்லை வடிவம்மா. நான் வலிகாமத்தில பிறந்து வளந்த வீடு உங்களுக்குத் தெரியாது. இருபத்தேழு வருசம் ஆமி உயர் பாதுகாப்பு வலயம் எண்டு வைச்சிருந்தவங்கள். முள்ளுக்கம்பிக்கு வெளியால நிண்டு எட்டி எட்டிப் பாத்திருக்கிறன். விட்ட நேரம் போய்ப் பாத்தா வீடும் இல்லை, கிணறும் இல்லை, எல்லை காட்ட ஒரு மரமும் இல்லை. இருந்ததை மகளுக்குச் சீதனமாக் குடுத்திட்டம். இனி எனக்கெண்டு இருக்கிறது இதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது கண்ணும் கலங்கியது. வடிவம்மா அவருடைய மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அப்ப கம்பிக்கு வெளியால நிக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே சின்னையா," என்றாள்.

அவர் படத்தை மடித்தார். விமலேஸ்வரி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். வடிவம்மா அதை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகனைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தேழு வருடத்தில் அவளுடைய வாய் வன்னிக் கதைக்குப் பழகிவிட்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் பிறந்த தோட்டத்துப் பேச்சு வரும். அன்றைக்கு வந்தது. தகப்பன் வெட்டிய கிணற்றைச் சுற்றிக் கம்பி போடக் கையை நீட்டிக் கூலி வாங்குகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டாள். அவன் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். தான் தூணுக்குக் குழி வெட்டாவிட்டால் மல்லாவியிலிருந்து வேறு ஆள் வந்து வெட்டும், வேலி வேலை நிற்கப்போவதில்லை என்றான். பிறகு மெல்ல இன்னொரு உண்மையையும் சொன்னான். வேலி ஒழுங்காக முடிந்தால் கடிதத்தை அவனுடைய பெயரிலேயே தருவதாக யோகநாதன் சொல்லியிருந்தார்.

"ஒரு கால் ஏக்கராவது என்ர பேரில இருக்கட்டும் அம்மா," என்றான்.

மூன்றாவது இடத்துக்குப் பெண் கேட்டுப் போகாத பிள்ளையிடம் எதைப் பேசுவது?

மறுநாள் காலை பிரதீபன் அலவாங்கோடு முதல் தூணுக்குக் கிடங்கு தோண்ட இறங்கினான். வடிவம்மா சங்கிலி மண் சுமந்த பழைய இரும்புத் தாச்சியை எடுத்துக்கொண்டு வடக்கு எல்லைக்குப் போனாள். கல்லடுக்கின் மேல் வரிசையிலிருந்து ஐந்தாறு கல்லைத் தாச்சியில் வைத்தாள். தலையில் தூக்கிக் கொண்டுவந்து, கிணற்றடிக்குப் பக்கத்துக் கத்தரிப் பாத்தியில் இறக்கினாள். கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முழ இடைவெளி விட்டு, மண்ணில் அழுத்தி வைத்தாள். வெறும் தாச்சியோடு திரும்பிப் போனாள்.

பிரதீபன் முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஏதாவது அணை கட்டுகிறாள் என்று நினைத்தான். மத்தியானம் சாப்பிட வந்தபோதுதான் பார்த்தான். ஒரு பாத்தி முழுவதும் கல் முளைத்திருந்தது. கத்தரிச் செடிகளை அவள் பிடுங்கவும் இல்லை, மிதிக்கவும் இல்லை. அவற்றுக்கு நடுவே நடுவே கல். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த தாச்சிக்குப் புறப்பட்டாள்.

இரண்டாம் நாள் யோகநாதன் கண்டார். சிரித்தபடிதான் வந்தார். என்ன வடிவம்மா, இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டார். அவள் நடையை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மிளகாய்ப் பாத்திக்கும் கல் வந்துவிட்டதைக் கண்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாதையை மறித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு என்ன விசரே? துப்புரவாக் கிடந்த நிலத்தில ஏன் கல்லுப் போடுறியள்?"

வடிவம்மா தாச்சியை இறக்கி வைத்தாள். இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கினாள்.

"துப்புரவாவா கிடந்தது? உங்கட அப்பா எங்களுக்குத் தரேக்க இந்தக் காணி இப்பிடித்தான் இருந்தது சின்னையா. மண் எங்கட இல்லை எண்டு சொல்லிப்போட்டீங்கள். சரி. தந்த மாதிரியே திருப்பித் தாறன். ஒரு கல்லுக்கூடக் குறைய விடமாட்டன்."

யோகநாதன் பாதையை விட்டு விலகினார். அவளைத் தொட்டுத் தடுக்க அவரால் முடியாது. பொலிசுக்குப் போய் என்னவென்று சொல்வது? காணியிலிருந்து எதையும் களவெடுக்கவில்லை. காணியில் இருந்த கல்லைக் காணியிலேயே வைக்கிறாள். பின்னேரம் விமலேஸ்வரி வந்து பார்த்தாள். தேசி மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்படிப் பதினொரு நாள். விடிய ஆறு மணிக்குத் தொடங்குவாள், வெயில் உச்சிக்கு வந்ததும் நிறுத்துவாள், மூன்று மணிக்குத் திரும்பவும் போவாள். உள்ளங்கை கிழிந்தது. கழுத்து வலித்து இரவில் திரும்பிப் படுக்க முடியவில்லை. பாதையால் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தார்கள்.

கல்லை எடுக்க எடுக்க அடுக்கின் உள்வரிசைகள் வெளியே வந்தன. தகப்பன் காலத்துக் கல் பச்சை பிடித்துக் கறுத்திருந்தது. ஒரு கல்லில் அலவாங்கு வழுக்கிப்போன வெள்ளைத் தழும்பு இருந்தது. அன்றைக்குத்தான் சங்கிலியின் கால் பெருவிரல் நசுங்கியது. வலியில் அவன் கல்லைத் திட்டிய வார்த்தைகள்கூட அவளுக்கு ஞாபகம் வந்தன. அந்தக் கல்லையும் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றையும் தனக்கென்று எடுத்து வைக்கவில்லை.

பிரதீபன் அவளைத் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. அவன் பாட்டுக்குக் கிடங்கு வெட்டினான், தூண் நட்டான், கல்லும் மண்ணும் போட்டு இடித்தான். ஒரு பக்கம் தாய் கல்லை மண்ணுக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். இருபதடி தள்ளி மகன் மண்ணுக்குள்ளிருந்து கல்லைக் கிளப்பிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் எழும்பிப் போய்விடுவாள்.

எட்டாம் நாள் தூண் முழுவதும் நட்டு முடிந்தது. கம்பி இழுக்கத் தொடங்கினான். ஐந்து வரிசை. வடக்குப் பக்கம், கிழக்குப் பக்கம், பாதைப் பக்கம் என்று வந்து, கடைசியில் அவர்களுடைய குசினிக்குப் பின்னால் வந்து சேர்ந்தான். அங்கே இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு ஆள் தாச்சியோடு போய்வரக்கூடிய இடத்தைக் கம்பி இழுக்காமல் விட்டுவிட்டு, சாமான்களைக் கட்டினான். கம்பி காணாது என்று யோகநாதனிடம் சொன்னான். மாமரத்தடியில் இன்னும் அரைச் சுருள் கிடந்தது. அது துருப்பிடித்தது, நின்று பிடிக்காது என்றான்.

வடிவம்மாவுக்கு விளங்கியது. பிரதீபன் பத்து வயதிலிருந்து வேலி அடைக்கிறவன், கம்பி அளக்கத் தெரியாதவனல்ல. அந்த இடைவெளியால் அவள் இரண்டு நாள் போய்வந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் வைத்த கல்தான் அதிகம். இரண்டாம் நாள் பின்னேரம் யோகநாதன் தானே மல்லாவிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்து மோட்டார்சைக்கிளில் இருந்து இறக்கினார். பிரதீபனின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பிரதீபன் இழுத்தான். கம்பியைத் தூணோடு முறுக்கிக் கட்டும்போது அவன் வீட்டுப் பக்கம் நிமிராமல் நின்றதை வடிவம்மா குசினிக்குள் இருந்து பார்த்தாள். கோபம் அப்போது இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் சோறு பொங்கி ஊற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை கேற் ஏறியது. பாதைப் பக்கம் சிவப்பு வர்ணம் பூசிய இரும்புக் கேற். இந்தப் பக்கம், கிணற்றுக்கு நேரே, தகரமும் சட்டமும் அடித்த சின்னப் படலை. அதற்கு ஒரு கொளுக்கி. பூட்டுப் போட மாட்டேன் என்று யோகநாதன் சொன்னார், சொன்னபடி போடவும் இல்லை. வடிவம்மா அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தடிப் பொதுக் குழாய்க்கு நடந்தாள். போக அரை மணி, வர முக்கால் மணி.

அதற்குப் பிறகு நான்காம் நாள் மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் வந்தது. பெரிய கேற்றை இரண்டு பக்கமும் விரித்து வைத்து அதை உள்ளே விட்டார்கள். ஓட்டிவந்தவன் இளம் பெடியன், இரண்டு காதிலும் பாட்டு மாட்டியிருந்தான். ஒன்பது மணி இருக்கும் தொடங்கும்போது. முன்னால் இருந்த அகன்ற தட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினான். திரும்பி வந்தான். கத்தரியும் மிளகாயும் கல்லும் சேர்ந்து உருண்டு ஒரு பக்கம் போயின. வடிவம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பதினொரு நாள் வைத்த கல்லை அவன் வாரி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. பிறகு வடக்கு எல்லைக்குப் போனான். அங்கே மிச்சமிருந்த அடுக்கையும் அள்ளினான். உழவு இயந்திரப் பெட்டிகள் இரண்டு மாறி மாறி ஏற்றிக்கொண்டு போய்க் குளக்கட்டுப் பாதையின் பள்ளங்களில் கொட்டின. தேசி மரங்கள் ஒழுங்கில்லாமல் நிற்கின்றன, புது ஒட்டுமா வரிசைக்கு இடைஞ்சல் என்று யோகநாதன் கையைக் காட்ட, ஒன்பதையும் வேரோடு தள்ளினான். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. பெடியன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

நிலம் பாய் விரித்ததுபோல் கிடந்தது. தகப்பன், தாய், புருஷன், அவள் எல்லோரும் சேர்ந்து நாற்பத்தேழு வருடத்தில் கிளப்பினதையும், அவள் திருப்பி வைத்ததையும் ஒரு காலையில் வாரிவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கு ஒரு காலைநேர வேலைதான் என்றால் தன் தகப்பன் எதற்கு முதுகு கூனிச் செத்தார் என்று யோசித்தாள். யோசித்து முடிவு காணாமல், காயப்போட்ட உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

யோகநாதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சித்திரைப் புதுவருடம் கழிந்து கடிதம் தந்தார். கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்து, பிரதீபனின் முழுப்பெயர் எழுதி. பிரதீபன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தான். இரவில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தான். அன்றைக்குத்தான் பல வருடத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்குள் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு நடந்ததை வடிவம்மா கேட்டாள். இனி வீடு கட்ட அத்திவாரத்துக்குக் கல் வேண்டும் என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடிதத்தைக் காணிக் கந்தோரில் பதிய வேண்டும். வைகாசியில் ஒரு நாள், அவனுக்குக் கொக்கிளாய்ப் பக்கம் ஒரு கிழமை வேலை கிடைத்திருந்ததால், தாயிடமே கொடுத்துவிட்டுப் போனான். வடிவம்மா கடிதத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, குளக்கட்டுப் பாதையால் நடந்து பஸ் பிடித்துப் போனாள். பாதையில் போட்டிருந்த கல் செருப்பைக் குத்தியது.

கந்தோரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. அம்மா இருங்கோ என்றாள், மின்விசிறியைத் திருப்பி விட்டாள். படத்தை எடுத்து விரித்து, கடிதத்தில் இருந்த எல்லையை விரலால் தொட்டுக்கொண்டு போனாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. இன்னொரு படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். வேலிக்கு வெளியே விட்ட அந்தக் கால் ஏக்கர் யோகநாதனுடைய காணியில் இல்லை. பாறைத் திட்டும், அதில் நிற்கிற வீடும், வண்டில் பாதைக்கென்று அரசாங்கம் ஒதுக்கி வைத்த நிலம். அது அவருடையதே இல்லை என்பதால் அதை அவர் யாருக்கும் கொடுக்க முடியாது. பாதையை அகலமாக்குகிற காலம் வந்தால் எழும்ப வேண்டியும் வரலாம்.

"அவருக்கு இது தெரியுமா பிள்ளை?" என்று வடிவம்மா கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது அம்மா. படம் அவரிட்டையும் இருக்கும்."

மடியில் விரித்து மூலை மூலையாகக் காட்டிய படம்தான். வடிவம்மா கடிதத்தைத் திரும்ப மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னாள்.

திரும்பி வந்து இறங்கும்போது நல்ல வெயில். காலையில் குழாய்க்குப் போக நேரமிருக்கவில்லை, குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தகரம் கொதித்தது. தலை சுற்றிக்கொண்டு வந்தது. படியில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு, முப்பதடியில். கப்பி வாளி வெயிலில் மின்னியது. ஒட்டுமாங்கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன.

எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது. எழும்பி வாளியை எடுத்தாள். படலைக்குப் போனாள். கொளுக்கி புதிது, இறுகிக் கிடந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது விமலேஸ்வரி அந்தப் பக்கத்திலிருந்து கண்டுவிட்டு ஓடிவந்தாள். படலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துத்தான் கொளுக்கியைத் தட்ட வேண்டும் என்று செய்து காட்டினாள். வடிவம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல், "வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வடிவம்மா உள்ளே போனாள். இரண்டு வாளி அள்ளினாள். ஒன்றை அங்கேயே நின்று முகத்திலும் தலையிலும் ஊற்றினாள். மற்றதைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அவள் படலையைத் தாண்டும்போது விமலேஸ்வரி பின்னாலிருந்து தயக்கத்தோடு, "அதை ஒருக்காச் சாத்திவிடுங்கோ, ஆடு பூந்தா மாங்கண்டைக் கடிச்சுப்போடும்" என்றாள்.

வடிவம்மா வாளியைக் கீழே வைத்தாள். படலையை உயர்த்திப் பிடித்து, காட்டித் தந்தபடியே கொளுக்கியைப் போட்டாள்.

பிரதீபன் கிழமை முடிவில், பொழுது சாய்கிற நேரம் வந்தான். செருப்பைக் கழற்ற முதலே கந்தோரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். அவள் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் வாசல் கட்டையில் இருந்து கேட்டான். கேட்டு முடிந்ததும் கடிதத்தை வாங்கி, உறையிலிருந்து எடுத்து, தன்னுடைய பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தான். கிழிக்கவில்லை. திரும்ப உறைக்குள் போட்டுப் பக்கத்தில் வைத்தான்.

வேலியைப் பார்த்தான். ஐந்து வரிசைக் கம்பியும் வளையாமல் நெளியாமல் நின்றது. தூண் ஒவ்வொன்றும் நேர்கோடு.

"நல்லா அடிச்சுப்போட்டன் அம்மா," என்றான். "இனி இருபது வருசத்துக்கு அசையாது."

வடிவம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினாள். அவன் வாங்கி, வாயில் வைத்து, ஒரு மிடறு விழுங்கிவிட்டு நிறுத்தினான். அது குழாய்த் தண்ணீர் இல்லை. தாயை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க கெணத்துத் தண்ணிதான்," என்றாள் அவள். "குடி."